இடது பக்கம் இழுக்கும் வண்டி

விளாங்குடி
4.6.2007

அன்பு மச்சானுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் வெள்ளிக்கிழமை போனிலேயே முடிந்துவிடுகிறது. சாப்பாட்டில் காரம் இருக்கிறதா என்று அத்தை கேட்டு முடிப்பதற்குள், உங்களுக்குப் பின்னால் நிற்பவர் அவசரப்படுத்துகிறார். நானும் நீங்களும் பேச இந்தத் தாள்தான் இருக்கிறது.

தோள் எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. ஆனால் செக்கானூரணி வளைவில் ஸ்கூட்டரோடு விழுந்ததிலிருந்து இரண்டு சக்கர வண்டியில் ஏறவே பயமாக இருக்கிறது. நான்கு மாதமாக பஸ்தான். உசிலம்பட்டியில் இறங்கி, டவுன் பஸ் மாறி, மாட்டாஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்ச் சேர பத்தரை ஆகிறது. போன வாரம் முதல் ஈத்துப் பசு ஒன்று ஈன முடியாமல் கிடந்தது. நான் போவதற்குள் கண் சொருகி உயிர் போய்விட்டது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கார் வாங்கு என்று நீங்கள் சொன்னது சரிதான்.

இரண்டு வண்டி பார்த்தேன். நீங்கள் ஆசைப்பட்ட மாதிரியே இரண்டும் சின்ன வண்டி, எஞ்சின் மட்டும் பலமானது. ஒன்று மாட்டுத்தாவணி பக்கம் உங்கள் சிநேகிதர் காசிமாயன் அண்ணன் ஷெட்டில் நிற்கிறது. சாம்பல் நிற ஸ்விஃப்ட். இரண்டு வயதுதான், மினுமினு என்று இருக்கிறது, கிளட்ச் பஞ்சு மாதிரி. மற்றது நம் பக்கத்துத் தெரு ராதாமணி அம்மா வீட்டில் நிற்கும் சிவப்பு பாலியோ, 1.6 எஞ்சின், ஐந்து வயது. அவர் வீட்டுக்காரர் வெங்கடசுப்பிரமணியன் சாருக்குச் சர்க்கரையால் கண் மங்கிவிட்டது. இனி ஓட்ட முடியாது.

எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதா தெரியவில்லை, சாம்பல் வண்டி நேராகப் போகவில்லை. ஸ்டியரிங்கை லேசாக விட்டால் இடது பக்கம் ஒதுங்குகிறது. ஒரு மாடு காலைத் தாங்கி நடந்தால் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன் அல்லவா, அந்த மாதிரி ஒரு நடை. அண்ணனிடம் சொன்னேன்.

"ரோடு சரிவும்மா தங்கச்சி. டயர்ல காத்தும் கம்மியா இருக்கும்" என்றார்.

சிவப்பு வண்டியில் வைக்கோல் லாரியை முந்தப் பயந்தேன். ஆனால் மிதித்ததும் வண்டி பாய்ந்து முந்திவிட்டது. எது என்று சீக்கிரம் எழுதுங்கள். தினமும் எண்பது கிலோமீட்டர் நான் உட்காரப் போகும் வண்டி.

உங்கள்
ஜெயக்கொடி


ஓமன், முகாம்
16.6.2007

அன்புக் கொடிக்கு,

உன் கடிதத்தை ஒர்க் ஷாப்பில் நின்றுகொண்டே படித்தேன். இங்கே வெயில் நாற்பத்தெட்டு. பாலைவனத்துக்குப் போகும் பிக்கப் வண்டிகள் ஒவ்வொன்றும் காலையில் என் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. எண்ணெய் ஒழுகினாலும் நிறுத்திவிடுவேன். அப்படிப்பட்டவன் பொண்டாட்டி வண்டிக்குப் பயப்படலாமா?

சாம்பல் வண்டியையே எடு. பாலியோ நல்ல எஞ்சின்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெட்ரோல் குடிக்கும், கிளட்ச் கனம். உன் தோளுக்கு ஆகாது. ஸ்விஃப்ட் வாலிப வண்டி. பஸ்ஸின் ஓரத்தில் ஒரு இடுக்கு கிடைத்தால் போதும், நுழைந்து போய்விடும். ஒதுங்குவது சக்கர அலைன்மென்ட் கோளாறு. அரைமணி வேலை.

காசிமாயனை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் ஒரே அறை. அப்பா இறந்தபோது நான் வந்து சேரும்வரை நின்று எல்லாம் பார்த்தவன் அவன். போனில் அவனிடம் சொல்லிவிட்டேன், வண்டி நமக்குத்தான் என்று. டிசம்பரில் நான் வந்ததும் அதில் தேனி வரை ஒரு ஓட்டம் போகலாம்.

அறுபதுக்கு மேல் போகாதே. செக்கானூரணி வளைவில் நாற்பது.

உன்
அசோக்குமார்


விளாங்குடி
30.6.2007

அன்பு மச்சானுக்கு,

இந்தக் கடிதம் உங்களுக்குக் கோபம் வரவைக்கும். முழுதாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நீங்கள் சொன்னபடி சாம்பல் வண்டியை பைபாஸ் ரோட்டில் ஒரு அலைன்மென்ட் கடைக்குக் கொண்டுபோனேன். அந்த மனிதர் இரண்டு தடவை சரிபார்த்தார். மூன்றாவது தடவை வண்டிக்கு அடியில் குனிந்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இது சக்கரத்துல இல்லம்மா. எத்தனை தடவை பாத்தாலும் இழுக்கத்தான் செய்யும்" என்றார். அதோடு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் விடவில்லை. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன், உள்ளே விரித்திருந்த கார்பெட்டை முன் சீட்டுக்குப் பின்னால் தூக்கிப் பார்த்தேன். தரைத் தகட்டில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு வெல்டிங் கோடு. மேலே கறுப்புப் பெயின்ட். அதற்குப் பிறகு கதவுக் கண்ணாடிகளைப் பார்த்தேன். மூலையில் வருடம் போட்டிருக்கும் என்று நீங்கள்தான் ஒருமுறை சொன்னீர்கள். முன் கதவுகளில் 2006, பின் கதவுகளில் 2005. ஒரே வண்டியில் இரண்டு வருடம்.

காசிமாயன் அண்ணனிடம் கேட்டேன். சிரித்தார். "தங்கச்சி, நீங்க மாட்டைப் பாருங்க. வண்டியை எங்கிட்ட விடுங்க."

நான் விடவில்லை மச்சான். சிவப்பு வண்டியை வாங்கிவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வர இருபத்தைந்து நாள் ஆகும். வெங்கடசுப்பிரமணியன் சார் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பேட்டரி மாற்ற வேண்டும், கிளட்ச் ஒரு வருடம்தான் வரும், பின் கதவு பலமாக அடித்தால்தான் சாத்தும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ராதாமணி அம்மா அவரிடம் சௌராஷ்டிர பாஷையில் ஏதோ கடிந்துகொண்டார். என்னவென்று கேட்டேன். "இப்படிச் சொன்னா யாரு வாங்குவாங்கறா" என்று சார் சிரித்தார். வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது வேறு ஒரு கவலை. ஆஸ்பத்திரிக்கு மாடு கொண்டுவரும் சீனியம்மாள் டீச்சரும் அவர் வீட்டுக்காரரும், பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுவிட ஒரு கார் பார்க்கிறார்கள். மாட்டுத்தாவணியில் சாம்பல் நிறத்தில் ஒன்று அமைந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பேசி முடிக்கிறோம் என்று நேற்றுச் சந்தோஷமாகச் சொன்னார். நான் மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே இருந்தேன். என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியாது.

சொல்வதா, வேண்டாமா?

ஜெயக்கொடி


ஓமன், முகாம்
12.7.2007

ஜெயக்கொடிக்கு,

என் முகத்தில் கரி பூசிவிட்டாய். வண்டி நமக்கு என்று வாக்குக் கொடுத்தவன் நான்.

இருபது வருடமாக வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பவன் சொல்வதைவிட, அலைன்மென்ட் கடைக்காரன் சொன்னது பெரிதாகிவிட்டது. பழைய வண்டி என்றால் ஒரு வெல்டிங்காவது இருக்கும். வாங்கியது வாங்கியாயிற்று. அந்த டீச்சரிடம் எதுவும் பேசாதே. வாங்குகிறவர்கள் பார்த்து வாங்கிக்கொள்வார்கள். அவனுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவன் பிழைப்பில் கை வைக்காதே.

அசோக்குமார்


விளாங்குடி
24.7.2007

அன்பு மச்சானுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுதான் வந்தது. நான் ஜூலை முதல் தேதியே சொல்லிவிட்டேன்.

ஞாயிறு காலையில் அவர்கள் வீட்டுக்கே போனேன். டீச்சர் காப்பி கொடுத்தார். அவர்கள் பையன் என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "டீச்சர், அந்த வண்டிய எடுக்காதீங்க. அடியில ஒட்டு போட்டிருக்கு, நான் கண்ணால பாத்தேன்" என்றேன். அவர் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்க வேற வண்டி வாங்கிட்டீகளே டாக்டர், அதனால சொல்றீகளா?" என்று கேட்டார். வாங்காததன் காரணமே அதுதான் என்றேன். அவர்கள் அன்றைக்கு மாட்டுத்தாவணிக்குப் போகவில்லை.

மறுநாள் காசிமாயன் அண்ணன் வாசலில் வந்து நின்று கத்தினார். "அசோக்கு மூஞ்சிக்காகப் பாக்குறேன். இல்லேன்னா நடக்குறதே வேற" என்றார். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அத்தை, "எதுக்குத்தா ஊரு வம்பு?" என்று என்னைத்தான் கேட்டார்கள். அன்றைக்கு வேலைக்குப் போகும்போது வழி நெடுக, பின்னால் யாராவது வருகிறார்களா என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போனேன். இன்றும் அப்படித்தான்.

வண்டி நன்றாக ஓடுகிறது. நீங்கள் சொன்ன மாதிரி கிளட்ச் கனம்தான், சாயந்திரம் கால் வலிக்கிறது. போன செவ்வாய் ஒரு எருமைக்குக் கருப்பை வெளியே தள்ளிவிட்டது என்று போன். ஆஸ்பத்திரியிலிருந்து எட்டு நிமிடத்தில் போய்விட்டேன். பிழைத்துவிட்டது. அந்த வீட்டு முனியாயி வண்டிக்கே ஒரு முழம் பூ வைத்துவிட்டாள். இதை உங்களிடம் போனில் சொல்ல வேண்டும் என்று வெள்ளிக்கிழமை பக்கத்திலேயே நின்றேன். அத்தையோடு பேசிவிட்டு வைத்துவிட்டீர்கள்.

ஜெயக்கொடி


விளாங்குடி
18.8.2007

மச்சானுக்கு,

நீங்கள் என்னோடு பேசாமல் ஐந்து வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. போன் வருகிறது, அத்தை பேசுகிறார்கள், "நல்லா இருக்கானாம்" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்துவிடுகிறார்கள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியும்.

நான் செய்தது தப்பு என்றால் தப்பு என்று எழுதுங்கள். திட்டி எழுதுங்கள். தபால்காரர் தெருவுக்குள் நுழையும் நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டும் என்று இரண்டு சனிக்கிழமை லீவு போட்டேன். வெறும் கரண்ட் பில்தான் வந்தது.

ஜெயக்கொடி


ஓமன், முகாம்
27.8.2007

அன்புக் கொடிக்கு,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

போன வெள்ளி காசிமாயனுக்குப் போன் பண்ணினேன். உனக்காகப் பேச அல்ல. உன் தரப்பில் மன்னிப்புக் கேட்கத்தான். "ஒன் பொண்டாட்டி என் பொழப்பக் கெடுத்துருச்சு மாப்ள" என்றான். இருக்கட்டும் என்றுவிட்டு, எதற்கோ, "எம்புட்டு அடிபட்ட வண்டிடா அது?" என்று கேட்டேன்.

"முன்பக்கம் பூராப் போச்சு மாப்ள. இன்னொரு வண்டியோட முன்பாதிய அறுத்து ஒட்டிருக்கு. அதுக்கென்ன? ஒன் பொண்டாட்டி என்ன ரேஸா விடப் போகுது? ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர இது போதாதா?"

எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். காசு தீரும்வரை கையில் ரிசீவரை வைத்துக்கொண்டு நின்றேன்.

கொடி, நீ தெரிந்துகொள்ள வேண்டியது இது மட்டும் இல்லை. அவன் மே மாதமே என்னிடம், "லேசா அடிபட்டது மாப்ள, வேலை சுத்தமாப் பாத்தாச்சு" என்று சொல்லியிருந்தான். எனக்குத் தெரியும். தெரிந்துதான் சாம்பல் வண்டியை எடு என்று எழுதினேன். சொன்னால் நீ வேண்டாம் என்பாய். எனக்கு அந்த வண்டியின் மேல் ஆசை. இங்கே ஒரு சகபணியாளன் அதே வண்டி வைத்திருக்கிறான், தினமும் பார்க்கிறேன். எவ்வளவு லேசான அடி என்று நான் காசிமாயனைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்தான். நீ வெல்டிங்கைப் பார்த்துவிட்டாய் என்று எழுதியதும் எனக்குக் கோபம் வந்ததே, அதுவும் அந்தப் பயம்தான்.

மறுநாள் காலை பிக்கப் வண்டிகள் வரிசையாக நின்றன. கையெழுத்துப் போட பேனாவை எடுத்தேன். கூசியது.

நேற்று மறுபடி காசிமாயனைக் கூப்பிட்டேன். அந்த வண்டியை வேறு யாருக்காவது விற்றால் நானே போலீசில் எழுதிக் கொடுப்பேன் என்றேன். "நீயாடா பேசுற?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். இனி அவன் பேச மாட்டான்.

நீ பேசுவாயா என்று கேட்க எனக்கு வாயில்லை. டிசம்பர் பதினாலாம் தேதி டிக்கெட் போட்டிருக்கிறேன்.

அசோக்குமார்


விளாங்குடி
10.9.2007

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி வாசலில், வண்டிக்குள் உட்கார்ந்து படித்தேன். மாட்டோடு வந்தவர்கள் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டார்கள். இறங்கி வேலையைப் பார்த்தேன். மூன்று நாள் கழித்துத்தான் பதில் எழுத முடிகிறது.

நான் உங்களுக்கு எழுதாத ஒன்று இருக்கிறது. சாம்பல் வண்டியை முதல் நாள் ஓட்டிப் பார்த்தபோது ரிங் ரோட்டில் போனோம். காசிமாயன் அண்ணன் பக்கத்தில் இருந்தார். "மிதிங்க தங்கச்சி, என்ன வண்டின்னு தெரியட்டும்" என்றார். எண்பது, தொண்ணூறு என்று மிதித்தேன். நீங்கள் திட்டுவீர்கள் என்றுதான் எழுதவில்லை. அன்றைக்குப் பின் சீட்டில் அத்தை இருந்தார்கள். ஜன்னல் காற்றில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே வந்தார்கள். சீட்டுக்கு முன்னால், அவர்கள் கால் வைத்திருந்த இடத்தில்தான் அந்த ஒட்டு இருந்தது.

நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் போதும் மச்சான்.

பேசுவாயா என்று கேட்டிருக்கிறீர்கள். பேசாமல் இருக்க எனக்குத் தெரியாது. இந்த ஏழு வாரத்தில் அதை நன்றாகத் தெரிந்துகொண்டேன். ஆனால் பழைய மாதிரி, நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்க இனி என்னால் முடியுமா தெரியவில்லை. கேள்வி கேட்பேன். உங்களுக்கு அது கஷ்டமாக இருக்கும். பழகிக்கொள்ளுங்கள்.

டிசம்பர் பதினாலாம் தேதி விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். அத்தையும் வருவார்கள்.

அந்த வண்டி என்ன வண்டி என்று அவர்களுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அவர்கள் இன்றைக்கும் ஊர் வம்பு என்றுதான் நினைக்கிறார்கள். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் வெள்ளிக்கிழமை போன் பண்ணும்போது நீங்களே சொல்லுங்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

ஜெயக்கொடி