நெல்லைக் கண்டால் திரும்பிப் பார்

ஸ்கூட்டியில் கால் வைக்கும் தட்டில் நெல் கிடக்கிறது. மத்தியானம் வீட்டுக்கு வந்து வண்டியைக் கழுவப் போனபோதுதான் கண்டேன். ஒரு கைப்பிடிகூட இராது. வெயிலில் காய்ந்த நெல்லின் அந்த மணம் மூக்கில் ஏறியதும் தட்டிக் கொட்ட மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் இரண்டு மாரி கழிந்துவிட்டது. இந்தக் கடிதம் எங்கே போகும் என்று கேட்பாய். எங்கும் போகாதுதான்.

நாம் இருவரும் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்குப் பொலிஸ்காரர் வந்து வீதிப் பாதுகாப்பு வகுப்பு வைத்த நாளைச் சொல்கிறேன். அதற்குக் கொஞ்சம் முந்தித்தான் நம்முடைய வகுப்புப் பிள்ளை ஒருவன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வளைவில் டிப்பர் லொறியில் அடிபட்டிருந்தான். அவனுடைய கால் பிறகு நேராகவே வரவில்லை. பொலிஸ்காரர் நல்ல மனிதர். அவர் 'துவிச்சக்கர வண்டி' என்று சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். அவர்களிடம் இருந்தது வெறும் சைக்கிள். வீதியின் இடது ஓரமாகப் போக வேண்டும், திரும்பும்போது கை காட்ட வேண்டும் என்றெல்லாம் சொல்லி, முடிவில் கேள்வித்தாளும் கொடுத்தார். எல்லாருக்கும் நல்ல புள்ளி. எனக்குத் திருப்தி. உனக்கு இல்லை.

"சோதினை இனித்தான்கா இருக்கு, வா" என்று, நாம் ஒருவரை ஒருவர் கூப்பிடும் அந்தக் 'கா'வோடு சொல்லி, மணி அடித்ததும் என்னை வளைவடிக்கு இழுத்துக்கொண்டு போனாய்.

அறுவடைக் காலம். வயல் வட்டையில் வெட்டிய நெல்லை வழக்கம்போல வீதியின் இடப்பக்கத்துத் தாரில் காயப்போட்டு, வாகனம் ஏறாமல் ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் பாடத்தில் சொன்னபடி இடது ஓரமாகத்தான் வந்தார்கள். நெல்லைக் கண்டதும் ஒருவர் மிச்சமில்லாமல் நடுவீதிக்கு வெட்டித் திரும்பினார்கள். ஒருவரும் பின்னால் பார்க்கவில்லை. பஸ் ஒன்று ஹோன் அடித்து, பிரேக் போட்டு நின்றது.

நீ ஒரு பெண்பிள்ளையை மறித்து, "ஏன் மகள் பாக்காம நடுவுக்கு வந்தாய்?" என்றாய்.

"நெல்லில மிதிக்கிறதா டீச்சர்?" என்று அவள் உன்னைத் திருப்பிக் கேட்டாள். செய்யக்கூடாத எதையோ செய்யச் சொல்லிவிட்டோம் என்பதுபோல இருந்தது அவள் முகம். உணவில் கால் படக்கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளை வேறு என்ன சொல்லும்? பொலிஸ்காரரின் பாடத்தில் வீதி இருந்தது, கோடு இருந்தது, நெல் இருக்கவில்லை.

அடுத்த கிழமை உன் வீட்டு நெல்லை மூட்டையோடு கொண்டுவந்து விளையாட்டு மைதானத்தில் பரப்பினாய். பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சைக்கிளில் வந்து, நெல்லுக்கு முன்பே வலது தோளுக்கு மேலால் பின்னே பார்த்துவிட்டு விலக வேண்டும். வாகனம் வந்தால் கால் ஊன்றி நிற்க வேண்டும். முதல் நாள் படுதோல்வி. தலை திரும்பிய பக்கம் கைப்பிடியும் திரும்பி, பாதிப் பேர் விழுந்தார்கள். "தலைய மட்டும் திருப்பு! கைய அப்பிடியே வச்சிரு!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினாய். அதிபர் வந்து பார்த்துவிட்டு, "இதென்ன டீச்சர், சர்க்கஸா?" என்றார்.

நானும் விடவில்லை. "நீ நிக்கிறாய், அதால பாக்குதுகள். நீ இல்லாத நேரம் பாக்குமா?" என்றேன்.

"நான் இல்லாத நேரம் பாக்கத்தானேகா இவ்வளவு பாடும்" என்றாய், சீலையில் ஒட்டிய நெல்லைத் தட்டிக்கொண்டு.

நீ படுக்கையில் விழுந்த பிறகு அந்தப் பயிற்சி நின்றுபோயிற்று. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. செய்ய ஆள் இருக்கவில்லை. எனக்கு அதில் முன்பும் நம்பிக்கை இல்லை. பயிற்சிக்குப் பிறகு அந்த வளைவில் ஒன்றும் நடக்கவில்லைதான். ஆனால் நடக்காத ஒன்றுக்கு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது என்று உன்னிடமே கேட்டிருக்கிறேன்.

இன்று காலை கூட்டம் ஒன்றுக்குப் பிந்திவிட்டேன். நம்முடைய வீதியில் கொஞ்சம் வேகமாகத்தான் வந்தேன். முன்னால் வெள்ளைச் சீருடையில் ஒருத்தி சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். அவளை முந்திவிடலாம் என்று வலப்பக்கம் எடுத்தபோதுதான் எதிரே டிப்பர் வருவதையும், அவளுக்கு முன்னால் நெல் கிடப்பதையும் கண்டேன். பிரேக் போட்டாலும் நிற்காது, விலக இடமும் இல்லை. அவள் நடுவுக்கு வெட்டப்போகிறாள் என்றே நினைத்தேன்.

அவள் வெட்டவில்லை. தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள். கைப்பிடி அசையவில்லை. நெல்லுக்கு இந்தப் பக்கமே கால் ஊன்றி நின்றாள். அவளுக்கும் டிப்பருக்கும் நடுவால் நான் போய்விட்டேன்.

கொஞ்சத் தூரம் போய் ஓரத்தில் நிறுத்தினேன். காலை ஊன்றியது எதில் என்றும் பார்க்கவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவள், "டீச்சர், நெல்லுக்குள்ள நிக்கிறீங்க" என்றாள். அன்று நீ மறித்த அதே பிள்ளை. இப்போது உயர்தரம் படிக்கிறாள்.

"பின்னால பாத்தியே, அது ஆர் பழக்கினது?" என்று கேட்டேன்.

"ஆரும் இல்ல டீச்சர். நெல்லுக் கிடந்தா பாக்கிறதுதானே?"

உன் பெயரை அவள் சொல்லவில்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நீயாக இருந்தால் அந்தப் பதிலைக் கேட்டுச் சிரித்திருப்பாய்.

ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு படிப்பித்தது பலித்தது என்று சொல்ல முடியாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நீ இல்லாத நேரம் அவள் பார்த்தாள். பின்னால் வந்தது நான்தான்கா.