வீடு பூட்டியிருந்தது

அன்புள்ள சேச்சி,

இன்று ஞாயிறு. குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து, உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் புதிய சேச்சி வந்தார். எங்கள் கோப்பை மூடிவிட்டார்களாம்; நானும் தங்கையும் இனி உம்மாவோடுதான். அவர் கையிலிருந்த பழைய தாள்களில் உங்கள் சாய்ந்த கையெழுத்தைப் பார்த்தேன். நீங்கள் மறைந்து ஐந்து மாதமாகிறது. ஆனாலும் உங்களிடம்தான் முதலில் சொல்லத் தோன்றியது.

அந்தத் தாள்களின் தொடக்கத்தில் மூன்று முறை 'வீடு பூட்டியிருந்தது' என்று இருக்கிறது. நாங்கள் குழந்தைகள் இல்லத்திலிருந்து உம்மாவிடம் திரும்பிய புதிது. ஓராண்டு கண்காணிப்பு. பார்க்க வருகிறவர்கள் காலை பதினொரு மணிக்கே வருவார்கள். உம்மா பாண்டிகசாலையில், அந்தச் சரக்குக் கிடங்கில், சுக்கு தரம்பிரித்துக்கொண்டிருப்பாள், நாங்கள் பள்ளியில் இருப்போம். நான்காவது முறையும் பூட்டியிருந்தால் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதி, எங்களைத் திரும்ப இல்லத்துக்கு அனுப்பிவிடலாம்.

நான்காவது முறை நீங்கள் மாலையில் வந்தீர்கள். உம்மா வெடித்தாள்.

"மூணு தடவை வந்தாங்களாம்! நான் என்ன ஒளிஞ்சா இருந்தேன்? பாண்டிகசாலையில இல்ல இருந்தேன்!"

"கோபம் வேண்டாம் இத்தா, ஒரு சாயா தாங்க. உங்க வீடு மாத்திரம் இல்ல, ஒருபாடு, நிறைய வீடு இப்படி இருக்கு."

பெயர்கள் தெரியாதபடி மேல்பக்கத்தை மடித்த தாள்களைத் தரையில் பரப்பினீர்கள். "மோளே, நீ படிக்கிற குட்டியல்லே? என்ன தெரியுதுன்னு பாரு."

பூட்டிய வீடுகளெல்லாம் காலை நேரத்தில். அம்மாக்களின் வேலை என்ற இடத்தில் பாண்டிகசாலை, மீன் கொட்டகை, மறுபடி பாண்டிகசாலை.

"ஆள் இல்லாத நேரமாப் பாத்துப் போறாங்க!" என்றேன்.

"மெல்லச் சொல்லு. அதுல நான் எழுதினதும் உண்டு."

"எங்க வீடு எது?"

"சொல்ல மாட்டேன். மத்த குட்டிகளும் இதைத்தானே கேக்கும்?"

அந்தத் தாள்களோடு அலுவலகக் கூட்டத்தில் பேசி, எல்லாருக்கும் மாலை நேரமாக மாற்றினீர்கள். பூட்டிய வீடுகள் குறைந்தன. பிறகு ரமலான் வந்தது. 'பேச இயலவில்லை' என்று தாள்கள் நிறைந்தன. நீங்களும் நோன்பு திறக்கும் நேரத்தில்தான் எங்கள் வாசலில் நின்றீர்கள்.

கஞ்சிச் சட்டியோடு உம்மா கேட்டாள்: "பாங்கு சொல்லப் போற நேரத்துலயா விசாரிக்க வர்றது?"

நாக்கைக் கடித்துக்கொண்டீர்கள். "தப்பு என்னோடதுதான் இத்தா. ஒரு தடவை சரி பண்ணினாத் தீராது, பாத்துக்கிட்டே இருக்கணும்." அதன்பின் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு, அவர்களுக்குத் தோதான நேரத்தைத் தாளின் மேலே எழுதினீர்கள். எங்களுக்கு ஞாயிறு காலை. அதிலிருந்து ஒரு வருகைகூடத் தவறவில்லை. அதனால்தான் இன்று, கோப்பை மூடியதாகச் சொல்லும் கடிதத்தைப் புதிய சேச்சி கொண்டுவந்தார்.

நான் அதை உரக்க வாசித்தேன். உம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். தங்கை மட்டும் எழுந்து போய், பள்ளிப் பையின் அடியிலிருந்து ஒரு ஜோடி உடுப்பை எடுத்து அலமாரியில் வைத்தாள். திரும்ப அழைத்துப் போய்விட்டால் வேண்டுமே என்று ஓராண்டாகச் சுமந்திருக்கிறாள். ஒரே பாயில் படுக்கும் எனக்கே தெரியாது. எந்தத் தாளிலும் அது இல்லை.

நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று தெரியும். அதனால் புதிய சேச்சியிடம் நானே கேட்டேன்: "சேச்சி, அடுத்த வீட்டுக்குப் போறப்ப, பையில நீ என்ன வெச்சிருக்கேன்னு குழந்தைகிட்டயும் கேப்பீங்களா?"

அவர் தங்கையைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, தாளின் ஓரத்தில் அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டார்.