டிரைவில் போட்டால் நகராத கார்

வியாழன்.

கியரை டிரைவில் தள்ளினால் கார் உடனே நகர்வதில்லை. மூன்று எண்ணிய பிறகுதான் உதைத்துக்கொண்டு பாய்கிறது. போன வாரம் வரை இப்படி இல்லை.

பொன்னேரி மெக்கானிக் கியர் ஆயிலை முகர்ந்து பார்த்தார். "கருகின வாசனை வருது சார். எதையாவது கட்டி இழுத்தீங்களா?" என்றார். ஆளைப் பார்த்துக் கதை விடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

போன வாரம் கார் தம்பியிடம் இருந்தது. சாயங்காலம் கோட்டைக்குப்பம் போனேன். வலை பிரித்துக்கொண்டிருந்தான். "காரை எங்கடா எடுத்துகினு போன?" என்று மட்டும் கேட்டேன்.

"திருப்பாலைவனம் வரைக்குந்தாண்ணா," என்றான். நிமிரவில்லை. "அன்னிக்கு படகு இழுக்கற டிராக்டர் வரல. ஆளுங்களே கரைக்கு இழுத்து ஏத்திட்டாங்க."

படகைப் பற்றி நான் கேட்கவே இல்லை.