சீஃப் கெஸ்ட் வர்ற வரைக்கும் தோப்புக்கரணம்

என் உயிர் மாப்ள அந்தோணிக்கு,

எங்கடா இருக்கே? அங்க நீச்சக்குளம் இருக்கா? நேத்து ஜில்லா போட்டி முடிஞ்சுது. அம்பது மீட்டர், நம்ம ஆட்டம்! எழுத்து கோணலா இருந்தா திட்டாத.

போன வருஷக் கதை உனக்குத் தெரியும். ஆனா இத வேற யாராவது படிச்சா, அவங்களுக்குத் தெரிய வேணாமா? அன்னிக்கு நீ நல்லா நீந்தி ஒடம்பச் சூடேத்திட்டு கரைக்கு வந்தே. சீஃப் கெஸ்ட் வரல. துண்டப் போத்திக்கிட்டு ஒக்காந்தே. அவர் வந்து, மாலை போட்டு, பேசி முடிக்கிறதுக்குள்ள மார்கழிக் காத்துல ஒன் தோளு வெறகாட்டம் ஆயிடுச்சு. கடைசியா வந்தே.

பி.டி. மாஸ்டர் எல்லார் முன்னாடியும் என்ன சொன்னாரு? "வெயிட்டு தூக்குனா இப்படித்தான்டா. பய கல்லாயிட்டான். கல்லு மெதக்குமா?" அடுத்த மாசமே உன்ன டைஃபாய்டு கொண்டு போயிடுச்சு. அந்தப் பேச்சு மட்டும் போகல. குளத்துல உனக்கு "கல்லு அந்தோணி"ன்னே பேரு. உங்கம்மா காதுலயும் விழுந்துச்சுடா. அந்த இரும்பாலதான் எம்புள்ள ஒடம்பு கெட்டுச்சோன்னு எங்கிட்டயே கேட்டாங்க.

அந்தப் பேர அழிக்கணும் மாப்ள. அது ஒண்ணுதான் மனசுல இருந்துச்சு.

உங்க வீட்டுக் கொல்லையில நம்ம வெயிட்டு அப்படியேதான் இருக்கு. திருவெறும்பூர் ஃபாக்டரியில கழிச்சுப் போட்ட பைப்பு, ரெண்டு பக்கமும் காவேரி மணல் ரொப்புன பெயின்ட் டின்னு. லைப்ரரியில வெளிநாட்டுப் பத்திரிகைப் படத்தப் பாத்து நாமளே கத்துக்கிட்டதுதானே எல்லாம்? கொஞ்சமா தூக்கு, ஆனா வெடுக்குன்னு தூக்குன்னு சொல்லுவியே, அப்படியேதான் தூக்குனேன். அம்பது மீட்டர்ங்கறது பட்டாசு மாதிரி, மெதுவா வெடிச்சா யாருக்கு லாபம்?

நேத்தும் சீஃப் கெஸ்ட் லேட்டு! பசங்க எல்லாம் துண்டுக்குள்ள சுருண்டு ஒக்காந்துட்டானுங்க. தெம்ப சேத்து வக்கிறாங்களாம். நான் பந்தலுக்குப் பின்னாடி போயி கைய சுத்துனேன், குதிச்சேன், தோப்புக்கரணம் போட்டேன். லேசா வேர்த்துச்சு, நிறுத்துனேன். காத்து அடிச்சா திரும்பப் போட்டேன்.

ஸ்ரீரங்கத்து வரதன் பாத்துட்டான். போன வருஷம் ஜெயிச்சவனாச்சே, வாய் சும்மா இருக்குமா? "ஏன் பாய், எந்தப் பிள்ளையாருக்கு வேண்டுதல்?"னான். ஒரே சிரிப்பு.

"உனக்காகத்தான் வரதா. நீ ரெண்டாவதாவது வரணும்ல?"

மாஸ்டர் ஓடி வந்தாரு. "பெரியவங்க மேடையில பேசறாங்க, இங்க என்னடா குரங்காட்டம்?"

"சார், ஒக்காந்தா ஒறஞ்சுடுவேன் சார். அந்தோணி அப்படித்தான் ஒறஞ்சான்."

"அவன் கல்லாயிட்டான்டா."

"அப்ப நானும் கல்லுதான் சார். அதே டின்னுதான் தூக்குறேன். மெதக்கறேனான்னு பாருங்க."

சொல்லிட்டேன் மாப்ள. சொன்னப்பறம்தான் யோசிச்சேன். தோத்தா உம் பேரு காலத்துக்கும் கல்லுதானே?

விசில் அடிச்சுது. காலு என்ன ஒதை ஒதைச்சுதுங்கறே! எல்லாரும் தண்ணியத் தொடறப்ப நான் தண்ணிக்கு மேல வந்து கை போட்டுக்கிட்டிருந்தேன். கடைசியில வரதன் வந்து ஒட்டுனான். பக்கத்துல அவன் மூச்சு கேக்குது. தலையத் தூக்கல. சுவத்துல கை வச்சப்பறம்தான் திரும்பிப் பாத்தேன். அவன் ஒரு சாண் பின்னாடி!

"யோவ், எத்தன தோப்புக்கரணம்யா போட்டே?"ன்னு தண்ணியிலேயே கையக் குடுத்தான். நல்ல பயடா.

மாஸ்டர் நேரா அடுத்த போட்டிப் பசங்க கிட்டப் போயி, "ஏன்டா பொணமாட்டம் ஒக்காந்திருக்கீங்க? எந்திரிச்சு கையச் சுத்துங்கடா!"ன்னு கத்துனாரு. சாயங்காலம் சைக்கிள எடுத்துக்கிட்டு, பாலக்கரையில உங்க வீட்டுக்கு வழி காட்டுடான்னாரு.

உங்கம்மா முன்னாடி செருப்பக் கழட்டிட்டு நின்னாரு. அப்பறம், "ஏம்மா, கொல்லையில அந்தோணியோட டின்னு இருக்காமே. தினம் காலையில நம்ம பசங்க இங்க வந்து தூக்கலாமா?"ன்னு கேட்டாரு. உங்கம்மா முந்தானையால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டாங்க. "நல்ல வெயிட்டுதானே சார் அது? பசங்களுக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஒண்ணும் ஆவாதும்மா. உங்க புள்ள சரியாத்தான் செஞ்சிருக்கான்."

கேட்டுச்சாடா உனக்கு?

அடுத்து மெட்ராஸ் போட்டி. அல்லா சத்தியமா சொல்றேன், அங்க ஜெயிச்சு யார் கேட்டாலும், இது அந்தோணி சொல்லிக் குடுத்த பயிற்சின்னு உன் முழுப் பேரையும் சொல்லுவேன்.

உன் மாப்ள, இப்ப உங்கம்மாவுக்கு ரெண்டாவது புள்ள,
சலீம்