ஒரே மூடிக்கு மூன்று பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகளின் வணக்கம். இருமல் என்னை விட்டுவிட்டது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

இங்கே என் உயிரை வாங்குவது ஒரு தண்ணீர் பம்ப். அதன் காப்புரிமை ஆவணத்தை இந்தியிலிருந்து குஜராத்திக்கு மொழிபெயர்க்க ஆள் பிடிப்பது என் வேலை. ஆறு பேரைச் சோதித்தாயிற்று. மொழி தெரிந்தவருக்கு வால்வு தெரியவில்லை. வால்வு தெரிந்தவருக்கு எழுத வரவில்லை. ஏழாவதாக வந்த பேராசிரியரின் நடை அருமை. ஆனால் ஒரே மூடிக்கு மூன்று பெயர் வைத்திருந்தார்: ஒரு பக்கத்தில் மூடி, அடுத்ததில் கவசம், கடைசியில் குல்லா! காப்புரிமையில் பெயர் மாறினால் அது வேறு பாகம் என்றாகிவிடும். போனில் சொன்னேன்.

"ஒரே வார்த்தையை அறுபது தடவை எழுதினா படிக்கிறவங்களுக்குச் சலிக்காதாம்மா?"

"படிக்கப்போறது வக்கீல், சார். நல்லா சலிக்கட்டும்!"

போனை வைத்துவிட்டார். மேலாளர் என்னைத்தான் முறைத்தார். பயப்படாதீர்கள், திங்களுக்குள் வேறு ஆள் கிடைத்தால் போதும்.

அம்மாவிடம் என் பழைய போர்வையை அனுப்பச் சொல்லுங்கள். இங்கும் கடையில் போர்வை கிடைக்கும்தான். எனக்கு அதுதான் வேண்டும்.

நேற்று உங்கள் நான்கு கடிதங்களையும் அருகருகே வைத்துப் படித்தேன், வேலைப் பழக்கம். "முழங்கால் பரவாயில்லை, கவலை வேண்டாம்" என்று நான்கிலும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பம்புக்கு அது சரி அப்பா. உங்கள் முழங்காலைப் பற்றி இந்த முறை அம்மா எழுதட்டும்.

எட்டாவது ஆள் போனில் காத்திருக்கிறார்.

உங்கள் மகள்