கப்பலை விட்டு இறங்க வேண்டாம்

சேசு மரி சூசை துணை

உடப்புசல்லாவை ரோட்டு,
நுவரெலியா.
12.3.63

என் அன்பு மகன் றோலண்டுக்கு அம்மா எழுதிக்கொள்வது. தேவமாதாவின் புண்ணியத்தில் கடல் காற்று உன் நெஞ்சுக்கு ஒத்துக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் நீ இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்லி முடித்ததும் உனக்கென்று தனியாக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன், உடம்பைப் பொறுத்தவரை அது பெரிய பொய்யும் இல்லை. அப்பாவுக்குப் புகையால் வந்த இருமல் மட்டும் விடவில்லை. உன் அக்கா சிசிலியின் பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது, கண்டதையெல்லாம் கடிக்கிறான், போன ஞாயிறு பூசையில் சுவாமியார் பிரசங்கம் முடியும் வரை என் ஜெபமாலையைக் கடித்துக்கொண்டே இருந்தான். அவள் புருஷனுக்குக் கணக்கப்பிள்ளை வேலை நிரந்தரமாகிவிட்டது. நல்ல செய்தி இவ்வளவுதான் மகனே, இதற்கு மேல் இந்தக் கடிதத்தில் தேடாதே.

அப்பா நூர்தீன் நானாவிடம் இறைச்சி வாங்கப் போயிருக்கிறார். அவர் திரும்பி வருவதற்குள் இதை எழுதி முடித்து, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்த பேச்சியம்மாவிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்ல வேண்டும், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பெரிய வாரத்தில் உன் கப்பல் கொழும்புக்கு வரும்போது கப்பல் வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஊருக்கு வா, சுட்ட இறைச்சிக் கடை அமோகமாக நடக்கிறது, என் இரண்டு கை போதவில்லை என்று அப்பா உனக்கு எழுதியிருக்கிறார். எழுதியதை எனக்கு உரக்க வாசித்தும் காட்டினார். நீயும் யோசித்துச் சொல்கிறேன் என்று பதில் போட்டுவிட்டாய், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மகன் வந்தே விட்டான் என்பது மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். யோசிக்க வேண்டாம் ராசா. கடை நடக்கவில்லை, நடக்கப் போவதும் இல்லை. நீ கப்பலை விட்டு இறங்கினால் அந்த வேலை போனது போனதுதான். இங்கே வந்து அப்பாவோடு சேர்ந்து ஈ ஓட்டலாம் என்றால் இந்தக் குளிருக்கு ஈயும் வருவதில்லை.

நீ கப்பலேறும்போது அப்பா பங்களாவில் சமைக்கும் கோக்கியாகத்தான் இருந்தார், அதனால் இந்தக் கடை வந்த கதை உனக்கு முழுக்கத் தெரியாது. பெரிய துரை தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போகும்போது பங்களாப் புல்வெளியில் ஒரு விருந்து வைத்தார். அன்று அப்பா கரி நெருப்பில் சுட்டுக் கொடுத்த இறைச்சியைத் தின்ற துரைமாரெல்லாம் அவர் முதுகில் தட்டி, நீ ஒரு கடை போட்டால் நாங்கள் அத்தனை பேரும் வருவோம் என்று சொன்னார்களாம். வயிறு நிறைந்தவன் சொல்லும் வார்த்தையை யாராவது நம்புவார்களா, உன் அப்பா நம்பினார். புதுத் துரை கூப்பிட்டும் இனி பங்களாவில் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தல நரைக்கிற வரைக்கும் அடுத்தவன் குசினியில நின்னாச்சு தெரேசா, இனி என் பேருல என் கடையில சமைக்கணும் என்றார். அதைக் கேட்டபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நூர்தீன் நானாவின் பழைய கிழங்கு ஸ்டோர் ஒன்று இந்த ரோட்டில் சும்மா கிடந்தது, அதை வாடகைக்கு எடுத்தார். வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன பெரியவர்கள் கிழங்கு ஸ்டோரைத் திருத்திப் பார் என்று சொல்ல மறந்துவிட்டார்கள். தகரத்தைக் கழற்றினால் மரம் உளுத்திருந்தது, மரத்தை மாற்றினால் சுவர் வெடித்தது. எத்தனை தரம் சுண்ணாம்பு அடித்தும் அழுகின கிழங்கு வாடை போகவில்லை, மழை நாளில் இன்றைக்கும் வருகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் சிவசாமி, கழித்துப் போட்ட இரும்புத் தட்டுகளை வெட்டி இறைச்சி சுட நல்ல கம்பித் தட்டு அடித்துக் கொடுத்தார், அது ஒன்றுதான் குறை சொல்ல முடியாத வேலை. புகைபோக்கியை மேசன் காற்றடிக்கிற பக்கம் பார்த்துக் கட்டிவிட்டான். மூடுபனி இறங்கினால் புகை மேலே போகாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது, கடைக்குள் உட்காருகிற நிரந்தர வாடிக்கை அதுதான். இடித்து மறுபடி கட்டியும் அதே கதை. பெரிய துரையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது சாப்பாட்டு மேசைகள், நாற்காலிகள், வெள்ளை மேசைத் துணி, கத்தி முள்ளுக்கரண்டி எல்லாவற்றையும் அப்பா எடுத்தார். முன்வாசலுக்குக் கண்ணாடி வைத்த இரட்டைக் கதவு, பித்தளைப் பிடி, பங்களாவில் இருப்பது போலவே. நீ அனுப்பின காசெல்லாம் அந்தக் கதவில்தான் இருக்கிறது. மேலே நாதன்ஸ் கிரில் என்று இங்கிலீசில் மட்டும் போர்டு. அமிர்தநாதன் என்ற அழகான பெயரை ஏன் பாதியாக வெட்டினீர்கள் என்று கேட்டேன், துரைமாருக்கு வாயில் நுழையாதாம்.

திறந்த அன்று சுவாமியார் வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். துரைமார் ஒருவரும் வரவில்லை. பாதிப் பேர் சீமைக்குப் போய்விட்டார்கள், மிச்சப் பேருக்குக் கோக்கியின் கடையில் உட்கார்ந்து சாப்பிட மனம் இல்லை. அது போகட்டும். நம் சனம் வந்தது மகனே, அதுதான் என்னால் மறக்க முடியாதது. ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வந்த தோட்டத்து ஆட்கள் வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஆனால் முன்வாசலால் ஒருவர்கூட வரவில்லை. கண்ணாடிக் கதவையும் உள்ளே இருந்த வெள்ளைத் துணியையும் எட்டிப் பார்த்துவிட்டு, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு குசினி வாசலுக்கு வந்து, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பங்களாவுக்குப் போனால் எங்கே நிற்பார்களோ அதே இடத்தில். அக்கா, காசுக்கு ஒரு துண்டு எறச்சி குடுப்பீங்களா என்று கேட்டார்கள், நான் கொடுத்தேன். உப்பும் மிளகும் மட்டும் தடவிச் சுட்டதைத் தின்றுவிட்டு, புள்ள பெத்தவளுக்குக் குடுக்குற பத்தியம் மாதிரி இருக்கு என்றார்கள். அடுத்த ஞாயிறு உறைப்புக்குக் கொச்சிக்காயும் உள்ளியும் அரைத்துத் தடவினேன். அதற்கடுத்த ஞாயிறு பின்வாசலில் கால் வைக்க இடமில்லை. இலையில் வாங்கிக்கொண்டு, விறகுக்கு அடுக்கியிருந்த தேயிலை மிலாறுக்குப் பக்கத்தில் குந்தித் தின்றார்கள், மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தார்கள். அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு முன்னறையில் காலி மேசைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அவர் பின்னால் வந்து தரையில் கிடந்த இலைகளைப் பார்த்தார். கத்தவில்லை, கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், சரியாகப் போயிருக்கும். என் காலம் பூரா பின்வாசல்லதான் நின்னேன், சொந்தமா ஒண்ணக் கட்டுனதும் அந்த வாசலுக்குத்தானா தெரேசா, பின்வாசல்ல குடுத்தா அது கடையில்ல, பங்களா மிச்சம் என்றார். மறுநாள் குசினி வாசலுக்குப் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார். வாசல் எதுவானால் என்ன, மேசையை எடுத்துவிட்டு பெஞ்சு போடுவோம், போர்டில் தமிழில் எழுதுவோம் என்று நான் தொண்டை வற்றச் சொன்னேன். கேட்கவில்லை. அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நம் சனமும் ஒரு நாள் கதவைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து கால்மேல் கால் போட்டு உட்கார வேண்டும் என்று ஒரு மனிதன் ஆசைப்படுவது குற்றமா. ஆனால் அடுத்த ஞாயிறும் சனம் பின்னால்தான் வந்தது, பலகையைப் பார்த்தது, கடை மூடியாச்சு போல என்று சொல்லிக்கொண்டு போய்விட்டது. ஒருவருக்குமே முன்னால் சுற்றி வரத் தோன்றவில்லை.

நான் போய்ப் பேச்சியம்மாவையும் அவள் புருஷன் அழகனையும் கையைப் பிடித்து முன்வாசலால் கூட்டி வந்தேன். படியில் காலைத் துடைத்தார்கள், துடைத்தார்கள், துடைத்துக்கொண்டே இருந்தார்கள். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒக்காருங்கண்ணே என்றார். அழகன் நுனியில் உட்கார்ந்தார். பேச்சியம்மா, எனக்கு இடுப்பு வலி, நிக்கிறதுதான் சொகம் என்று பொய் சொல்லிவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டாள். அப்பா துரைக்கு வைப்பது போலவே தட்டு, கத்தி, முள்ளுக்கரண்டி எல்லாம் வைத்து, துண்டைக் கையில் போட்டுக்கொண்டு அழகனின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். பரிமாறினால் வேறு எங்கே நிற்பது என்று அவருக்குத் தெரியாது. பின்னால் ஒருவர் அப்படி நின்றால் அந்த மனிதருக்குச் சோறு இறங்குமா. கோவிச்சுக்காதீங்க, இத இலையில கட்டிக் குடுங்க, வீட்டுல புள்ளைங்களோட திங்கிறோம் என்று எழுந்துவிட்டார். போகும்போது இரண்டு பேரும் பழக்கத்தில் குசினிப் பக்கம் போனார்கள், ஆணி அடித்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி, ஓடாத குறையாக முன்வாசலைக் கடந்து போனார்கள். அப்பா அந்த நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டு நெடுநேரம் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம்.

புதுத் துரை ஒரு நாள் காரில் வந்தார். அப்பா ஓடிப் போய்க் கதவைத் திறந்து பிடித்தார். துரை காரை விட்டு இறங்கவே இல்லை, சனிக்கிழமை பங்களாவில் விருந்து, வந்து இறைச்சி சுட்டுக் கொடு என்று கேட்டார். சனிக்கெழம கடைக்கு ஆளுங்க வருவாங்க தொரை, வர முடியாது என்று அப்பா சொன்னார். அந்தச் சனிக்கிழமை கொட்டின மழையில் ஒரு நாய்கூட ஒதுங்கவில்லை. இப்போது தபசு காலம், வேதக்காரர் இறைச்சி தொட மாட்டார்கள், நாங்களும்தான் தொடுவதில்லை. ஆனாலும் அவர் தினம் அடுப்பை மூட்டி, மேசைத் துணியை விரித்து, கரண்டிகளைத் துடைத்து வைக்கிறார். சாயங்காலம் நூர்தீன் நானா வந்து உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிடுகிறார், அது இரக்கம் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். போன வாரம் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தங்கச்சி, சித்திரை சீசன் முடியிற வரைக்கும் பாருங்க, அதுக்குப் பொறகு எனக்கும் கெழங்கு போட எடமில்ல என்றார். நல்ல மனிதர், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சீசன் முடிந்ததும் சிசிலியோடு போய் இருப்பது என்று நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். கடையை மூடுவோம் என்று அப்பாவிடம் சொன்னால், றோலண்ட் வந்துரட்டும், நாலு ஊரு பாத்த புள்ள, அவன் நின்னா சனம் உள்ள வரும் என்கிறார். இப்போது அவருக்கு இருப்பது அது ஒன்றுதான்.

அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன் மகனே, கேட்கவே வாய் கூசுகிறது. வர முடியாது என்று அப்பாவுக்கு எழுது. கடை ஓடவில்லை என்று அம்மா சொன்னாள் என்று ஒரு எழுத்தும் எழுதிவிடாதே. எனக்குக் கப்பல்தான் பெரிது, கடையில் நின்று கரி ஊத எனக்கு இஷ்டமில்லை என்று முகத்தில் அடித்த மாதிரி எழுது. அவர் உன்மேல் கோபப்படட்டும். மகன் கைவிட்டான், அதனால் கடை போனது என்று அவர் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளட்டும். மகன் மேல் கோபம் வந்தால் மனிதன் சாப்பிடுவான், ஏசுவான், உயிரோடு இருப்பான். நம் சனமே நம் கதவுக்குள் வரவில்லை என்று ஒத்துக்கொண்டால் அவர் படுத்துவிடுவார், பிறகு எழும்ப மாட்டார், எனக்கு அவரைத் தெரியும். சிசிலியும் உன்னை நன்றி கெட்டவன் என்பாள், நானும் அவர் முன்னால் உன்னை ஏசுவேன், வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசுவேன். ஒன்றையும் மனதில் வைக்காதே.

கப்பல் கொழும்பில் நிற்கும் நாட்களில் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றும் மலைக்கு ஏறி வராதே. வந்து அவர் முகத்தைப் பார்த்தால் நீ திரும்பிப் போக மாட்டாய், நீ என் வயிற்றில் பிறந்தவன். உன் கடிதம் வந்தாலும் அப்பா நம்ப மாட்டார், கோவத்துல எழுதிட்டான், வந்துருவான் என்று சொல்லிக்கொண்டு பெரிய வெள்ளிக்கு முதல் நாள் நானுஓயா ஸ்டேஷனுக்குப் போவார். அவரைத் தனியாக விட முடியாது, நானும் போவேன். ரயில் வந்து நின்றதும் அவர் ஒவ்வொரு பெட்டியாகப் பார்ப்பார், நானும் பார்ப்பேன். மாதாவே என் பிள்ளை இதில் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே உன் முகத்தைத் தேடுவேன்.

உத்தரியத்தைக் கழுத்திலிருந்து கழற்றாதே. ஈஸ்டருக்கு எந்தத் துறைமுகத்தில் இருந்தாலும் கோயிலைத் தேடிப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கு. அப்பாவிடம் சொல்லப் போகும் பொய்யையும் அங்கே சொல்லிவிடு, சொல்ல வைத்தது என் அம்மா என்று சுவாமியாரிடம் சொல், அது என் கணக்கில் சேரட்டும். நெஞ்சில் குளிர் படாமல் பார்த்துக்கொள். இந்தக் கடிதத்தைக் கிழித்துக் கடலில் போடு. ஆண்டவர் உன்னை எந்தக் கரையிலும் கைவிடாமல் காப்பாராக.

உன்னை வர வேண்டாம் என்று சொல்லும்
உன் அம்மா
அ. தெரேசா