ஓடும் தண்ணீரில்

அன்பு மகளுக்கு,

அம்மா இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. அன்று வீட்டுப் புத்தர் மாடத்தில் வைக்க அவள் படம் தேடினேன். முப்பது வருடமாக ஸ்டுடியோ நடத்தி, இந்த ஊரில் எல்லாருடைய மனைவிகளையும் படம் பிடித்தவனிடம், அவள் தனியாக இருக்கும் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பள்ளிக்கூட நாளில் எனக்குத் தெரியாமல் என் கேமராவில் நீ எடுத்தது. முள்ளங்கி நறுக்கிக்கொண்டே சிரிக்கிறாள். ஃபிலிமை வீணடித்தாய் என்று அன்று உன்னை அடித்தேன்.

அதைத்தான் பிரிண்ட் போட்டேன். படம் மங்காமல் நிறுத்தும் ஹைப்போ கரைசலிலிருந்து எடுத்து, ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரம் கழுவினால் போதும். உனக்கும் தெரியும். வெளியே எடுத்தால் காயவைக்க வேண்டும், சட்டம் போட வேண்டும், கறுப்பு ரிப்பன் கட்ட வேண்டும். இன்னும் கொஞ்சம் கழுவட்டும் என்று விட்டுவிட்டேன்.

பக்கத்து டோஃபு கடைக்காரி ஃபுமி நேற்று எட்டிப்பார்த்தாள்.

“என்னண்ணே, ரெண்டு நாளா குழாய் ஓடிக்கிட்டே இருக்கு. யாரைக் குளிப்பாட்டுறீங்க?”

தொட்டிக்குள் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. “குளிருல கெடக்காங்க. எடுத்துடுங்கண்ணே” என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள்.

இன்று காலை பார்த்தால், ஊறி ஊறி, படப் பூச்சு அவள் தோள்வரை காகிதத்தை விட்டுக் கழன்று தண்ணீரில் அசைந்துகொண்டிருந்தது. குழாயை மூடினேன்.

நெகட்டிவ் பத்திரமாக இருக்கிறது. இன்னொன்று போடுவது எனக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் ஒரு மணி நேரம் ஆனதும் அவளை வெளியே எடுக்க என் கை வராது. நீ வந்து எடு.

அப்பா